பீரங்கிப் பக்கத்தில் நின்றவரை மட்டும் ஏன் நினைவில் வைத்திருக்கிறோம்? அமெரிக்க விடுதலைப் போரும் பெண்களும்

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த ஒரு பெண்ணைப் பற்றிப் பெரிய அட்டையில் படம் வரைந்து, எழுதி, வகுப்பில் பேச வேண்டும். அவள் எடுத்திருப்பது 'மாலி பிட்சர்'. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எடுத்திருக்கிறார்களாம். மான்மத் போர்க்களம் எங்களுக்குப் பக்கம்தான் என்பதால் போன ஞாயிறு கூட்டிப் போனேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1778 ஜூன் 28. குண்டடி படாமல் வெயிலிலேயே சுருண்டு விழுந்து செத்தவர்கள் பலர், அப்படிக் கொதித்த நாள். பீரங்கிப் படையில் இருந்த கணவருக்கும் கூட இருந்தவர்களுக்கும் ஒரு பெண் தண்ணீர் சுமந்துகொண்டே இருந்தார். குடிக்க மட்டும் இல்லை. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஈரத் துடைப்பானைக் குழலுக்குள் விட்டு, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் பொறியை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மருந்தைத் திணிக்கும்போதே வெடித்துவிடும். கணவர் விழுந்ததும் அந்த இடத்தில் இவர் நின்றார் என்பது கதை. பிட்சர் என்றால் தண்ணீர் ஜாடி. அது பட்டப்பெயர்தான், மேரி லுட்விக் ஹேஸ் என்பவரைத்தான் பெரும்பாலும் மாலி பிட்சர் என்கிறார்கள். 1822இல் பென்சில்வேனியா மாநிலம் அவருக்கு ஆண்டுக்கு 40 டாலர் ஓய்வூதியம் கொடுத்தது. போர் முடிந்து கிட்டத்தட்ட 40 வருடம் கழித்து.

இதில் என் மனதை அரிக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. போர் 1775இலிருந்து 1783 வரை எட்டு வருடம் நடந்தது. அந்த எட்டு வருடமும் வயலும் வீடும் பிள்ளையும் யார் கையில் இருந்தன? படைக்குச் சோறும் துணியும் எங்கிருந்து வந்தன? அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு பெண் ஆணின் வேலையைச் செய்த அந்த ஒரு மதியத்தைத்தான் பாடப்புத்தகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. மகளிடம் வேறு யாரைச் சொல்லலாம்? இங்கே வரலாறு படித்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தினேன். இந்தப் போரைப் பாடமாக நடத்தும்போது ஒரு பெண்ணின் பெயரைக்கூட நான் சொன்னதில்லை. பாடத்தில் இல்லை, நானும் தேடவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

பீரங்கி என்று வந்துவிட்டதால் முதலில் மார்கரெட் கார்பின். 1776 நவம்பர் 16, மன்ஹாட்டன் தீவின் வடக்கு முனையில் இருந்த வாஷிங்டன் கோட்டை. கணவர் ஜான் செத்து விழுந்ததும் பீரங்கியை இவர் இயக்கினார். சிதறுகுண்டு பாய்ந்து கையிலும் மார்பிலும் தாடையிலும் படுகாயம். இடது கை பிறகு வேலைக்கு ஆகவே இல்லை. 1779 ஜூலையில் அமெரிக்கர்களின் அன்றைய பொது அவையான காங்கிரஸ் இவருக்கு ஒரு படைவீரனின் சம்பளத்தில் பாதியை ஆயுள் முழுவதும் தர முடிவு செய்தது. கூடவே ஒரு செட் துணி. ஒரு கையைக் கொடுத்தவருக்கு அரைச் சம்பளம். அதோடு அவர் நிற்கவில்லை, படைவீரர்களுக்குத் தரும் ரம் பங்கு தனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1926இல் கார்பினின் எலும்புகள் என்று ஒரு கல்லறையைத் தோண்டி எடுத்து வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரி மயானத்தில் மரியாதையோடு புதைத்தார்கள். 2016இல் அங்கே கட்டுமான வேலையின்போது கல்லறை கலைந்தது. எலும்பைப் பரிசோதித்தால் அது ஒரு ஆணுடையது. 90 வருடம் யாரோ ஒரு ஆணுக்கு மாலை போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, டெபோரா சாம்சன். ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற பெயரில் ஆண் உடையில் 1782 மே மாதம் மாசசூசெட்ஸ் படையில் சேர்ந்தவர். 17 மாதம் யாருக்கும் தெரியாது. பிலடெல்பியாவில் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது வைத்தியர் கண்டுபிடித்தார். 1783 அக்டோபரில் கௌரவமாகவே விடுவித்து அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் அவருடைய உண்மையான போர். பாக்கிச் சம்பளத்துக்கு மனு போட்டு 1792இல் வாங்கினார். ஓய்வூதியத்துக்கு மனு. விடுதலைப் போராளி பால் ரெவீர் 1804இல் இவருக்காகக் கடிதம் எழுதினார். 1805இல் மாதம் 4 டாலர் கிடைத்தது. நடுவில் பணத்துக்காக ஊர் ஊராகப் போய் இராணுவ உடையில் மேடையேறித் தன் கதையைச் சொல்லியிருக்கிறார்.

மகளுக்கு இவர்தான் என் சிபாரிசு.

---

தறிச்சத்தம் எழுதியது:

சார், மன்னிக்கணும். நீங்களும் துப்பாக்கி பிடித்தவரைத்தான் சொல்கிறீர்கள். அக்கா கேட்டதே அதைத் தாண்டி.

நான் நெசவுக் குடும்பம். அப்பா தறியில் உட்காருவார், ஊருக்கு அது தெரியும். அவருக்கு நூல் சுற்றிக் கொடுத்தது அம்மாவும் இரண்டு அத்தைகளும். கைராட்டை காலத்தில் ஒரு தறிக்குத் தீனி போடப் பல பேர் நாள் முழுக்க நூற்க வேண்டும். அதனால் இந்தப் போரைப் படிக்கும்போது என் கண் நூலுக்குத்தான் போகும்.

பிரிட்டன் வரி போட்டதும் அமெரிக்காவில் இருந்த அதன் குடியேற்றங்கள் செய்த முதல் காரியம் பிரிட்டிஷ் சரக்கை வாங்காமல் விட்டது. சொல்வது சுலபம். துணி வாங்காவிட்டால் யாராவது நெய்ய வேண்டும். 1760களின் கடைசியில் நியூ இங்கிலாந்து ஊர்களில் பெண்கள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு பாதிரியார் வீட்டில் கூடி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நூற்றிருக்கிறார்கள். புறக்கணிப்பு என்ற முடிவு ஆண்களின் கூட்டத்தில் எடுத்தது. அதை நடத்திக் காட்டியது அடுப்படி. தேநீரும் அப்படித்தான். 1774 அக்டோபரில் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் 51 பெண்கள் புறக்கணிப்பை ஆதரித்துத் தங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள். லண்டனில் அவர்களைக் கேலி செய்து படம் வரைந்து விற்றார்கள். பெண் கையெழுத்துப் போட்டாலே சிரிப்பாக இருந்த காலம்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் எஸ்தர் ரீட். லண்டனில் பிறந்து, கல்யாணமாகி 1770இல் பிலடெல்பியாவுக்கு வந்தவர். 1780 மே மாதம் சார்ல்ஸ்டன் நகரம் விழுந்து படையே சோர்ந்து கிடக்கிறது. வீரனுக்குத் தரும் காகிதப் பணத்துக்கு மதிப்பே இல்லை. எஸ்தர் அப்போதுதான் ஆறாவது பிள்ளை பெற்றிருக்கிறார், அம்மை கண்டு எழுந்தவர் வேறு. ஜூன் மாதம் ஒரு துண்டறிக்கை அச்சடித்தார். பெண்கள் ஆடம்பரத்தைக் குறைத்து அந்தப் பணத்தைப் படைக்குத் தர வேண்டும் என்று. அறிக்கையோடு நிற்கவில்லை. நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஜோடி ஜோடியாகப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். மதிப்பான வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்கிக் காசு கேட்பதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. 1600 பேருக்கு மேல் கொடுத்தார்கள். 3 லட்சம் காகித டாலருக்கு மேல் சேர்ந்தது. வெள்ளிக்காசுக் கணக்கில் சுமார் 7500 டாலர்தான், அதிலிருந்தே காகிதப் பணத்தின் கதி தெரியும். அந்தப் பட்டியலில் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தின் மனைவி பெயரில் 100 கினி (பிரிட்டிஷ் தங்கக் காசு) இருக்கிறது. ஃபிலிஸ் என்று மட்டும் குறிப்பிட்ட ஒரு கறுப்பினப் பெண்ணின் 7 ஷில்லிங் 6 பென்ஸும் இருக்கிறது.

இந்தப் பணத்தை ஒவ்வொரு வீரன் கையிலும் இரண்டு வெள்ளி டாலராகவே கொடுக்க எஸ்தர் விரும்பினார். அரசு தர வேண்டிய துணிமணியை அரசு தரட்டும், இது பெண்கள் தரும் தனிப் பரிசு என்பது அவர் வாதம். அமெரிக்கப் படையின் தளபதி வாஷிங்டன் ஒப்புக்கொள்ளவில்லை. காசு கொடுத்தால் குடிப்பார்கள், நல்ல காசைப் பார்த்துவிட்டால் காகிதப் பணம் இன்னும் கசக்கும் என்று சொல்லிச் சட்டை தைக்கச் சொல்லிவிட்டார். கடிதத்தில் எஸ்தர் எதிர்வாதம் செய்திருக்கிறார், கடைசியில் இறங்கி வந்தார். செப்டம்பர் 18ஆம் தேதி இறந்தும் போனார். வயது 33. பெஞ்சமின் பிராங்க்ளினின் மகள் சாரா பேச் அந்த வேலையை எடுத்து முடித்தார். இரண்டாயிரத்துக்கும் மேல் சட்டைகள். ஒவ்வொன்றிலும் அதைத் தைத்த பெண்ணின் பெயர்.

நாடு முழுக்க அரசியல் செய்யப் போன பெண்களைத் தளபதி கடைசியில் தையல் வேலையில் உட்கார வைத்தார். ஆனால் அவர்கள் பெயரைத் தைத்து அனுப்பிவிட்டார்கள் பாருங்கள். எங்கள் வீட்டில் நெய்த எந்தச் சேலையிலும் அம்மா பெயர் இருந்ததில்லை.

---

வெள்ளுடை எழுதியது:

தறிச்சத்தம் தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே முடியவில்லை.

நான் செவிலியர், 19 வருட சர்வீஸ். என் துறையைச் சொல்கிறேன். 1775 ஜூலையில் காங்கிரஸ் இராணுவ மருத்துவமனைக்கு ஆள் நியமனம் போட்டது. பத்து நோயாளிக்கு ஒரு செவிலி. சம்பளம் ஒரு டாலரில் பதினைந்தில் ஒரு பங்கு, ஒரு நாளைக்கு. மாதம் 2 டாலர். அதே உத்தரவில் அறுவை மருத்துவருக்கு நாளைக்கு ஒன்றேகால் டாலருக்கும் மேல், சரியாகச் சொன்னால் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். அப்புறம் ஆள் கிடைக்காமல் செவிலி சம்பளத்தை 4 டாலராகவும் 8 டாலராகவும் உயர்த்தினார்கள்.

ஏன் ஆள் கிடைக்கவில்லை என்று வார்டில் நின்றவர்களுக்குப் புரியும். அந்தப் போரில் குண்டு கொன்றவர்களைவிட அம்மையும் சீதபேதியும் சிறைக் காய்ச்சலும் கொன்றவர்கள் அதிகம். மலச்சட்டி எடுப்பது, படுக்கையைக் காயவைப்பது, வினிகர் தெளித்துக் கழுவுவது, நோயாளியின் தலையைச் சீவிப் பேன் எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. தொற்றும் இவர்களுக்குத்தான் முதலில்.

படைக்குப் பின்னாலேயே நடந்த பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவிகள், விதவைகள், போக இடமில்லாதவர்கள். துவைத்தார்கள், சமைத்தார்கள், காயம் கட்டினார்கள். அவர்களைப் பற்றி வாஷிங்டன் 1777 ஆகஸ்டில் போட்ட உத்தரவில், கர்ப்பிணிகளும் குழந்தை வைத்திருப்பவர்களும் படையின் ஒவ்வொரு நகர்வுக்கும் முட்டுக்கட்டை என்கிறார். அதே மனிதர் 1783 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், இந்தப் பெண்களுக்கும் ரேஷன் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் என்னுடைய பழைய, சிறந்த வீரர்களில் சிலர் ஓடிப்போய்விடுவார்கள் என்று காரணம் சொல்கிறார். ஆறு வருடத்தில் கற்றுக்கொண்ட பாடம். துவைத்த துணி இல்லாத முகாமில் என்ன நோய் வரும் என்பது அவருக்கு அதற்குள் தெரிந்திருக்கும்.

நிலாமுற்றம், உங்கள் மகளுக்குப் பெயர் இல்லாத ஒரு செவிலியைச் சொல்லிப் பாருங்களேன்.

---

ஒத்தையடிப்பாதை எழுதியது:

இதுவரை எல்லோரும் ஒரே பக்கத்தைத்தான் பேசியிருக்கிறீர்கள். விடுதலைப் போர் என்ற சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. யாருக்கு விடுதலை?

1781 ஏப்ரலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று பொடோமாக் ஆற்றில் ஏறி மௌன்ட் வெர்னனுக்கு வந்தது. வாஷிங்டனின் வீடு அது. அவரிடம் அடிமைகளாக இருந்த 17 பேர் அந்தக் கப்பலோடு போய்விட்டார்கள். அதில் டெபோரா என்ற பெண்ணுக்கு வயது 16 என்று பண்ணை மேலாளர் எழுதி வைத்த பட்டியல் சொல்கிறது. இரண்டு வருடம் கழித்து, போர் முடிந்து பிரிட்டன் நியூயார்க்கைக் காலி செய்தபோது, தங்களோடு கப்பலேறும் கறுப்பினத்தவர் பெயரையெல்லாம் ஒரு ஏட்டில் எழுதினார்கள். சுமார் 3000 பேர். அதில் டெபோரா, வயது 20 (இரண்டு ஏட்டிலும் வயது ஒத்துப்போகவில்லை), அம்மைத் தழும்பு உள்ளவர், முன்பு ஜெனரல் வாஷிங்டனின் அடிமை என்று இருக்கிறது. கணவரோடு நோவா ஸ்கோஷியா போகும் கப்பலில் ஏறினார். அதற்கு அடுத்த வாரம், மே 6ஆம் தேதி, வாஷிங்டன் பிரிட்டிஷ் தளபதி கார்ல்டனை நேரில் சந்தித்து ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தரச் சொன்னார். கார்ல்டன் முடியாது என்றுவிட்டார்.

இந்தப் பெண்ணுக்கு விடுதலைப் போர் எந்தப் பக்கம் நடந்தது? நீங்களே சொல்லுங்கள்.

பூர்வகுடிப் பெண்களைப் பற்றியும் யாரும் பேசவில்லை. மோஹாக் இனத்தின் மாலி பிரான்ட் பிரிட்டிஷ் பக்கம் நின்றார். 1777 ஆகஸ்டில் அமெரிக்கப் படை வருவதை முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொன்னவர் அவர்தான், ஒரிஸ்கனி பதுங்குத் தாக்குதல் அதனால்தான் நடந்தது. அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடிதங்களிலேயே தெரிகிறது. காரணம், அந்தச் சமூகத்தில் நிலமும் விளைச்சலும் பெண்கள் கையில். தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் குலத் தாய்மார்கள். அப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் 1779இல் வாஷிங்டன் ஜெனரல் சல்லிவனை அனுப்பினார். 40 ஊர்களை எரித்ததாகவும் 1,60,000 புஷல் (தானியம் அளக்கும் அளவை) சோளத்தை அழித்ததாகவும் சல்லிவனே அறிக்கை கொடுத்திருக்கிறார். அந்தச் சோளத்தை விதைத்தது யார்? பெண்கள். அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நயாகரா கோட்டை வாசலில் பசியோடு கிடந்தார்கள்.

போரில் பெண்களின் பங்கு என்று பேசும்போது சட்டை தைத்ததைச் சொல்கிறோம். எரிந்த சோளக் காட்டின் சொந்தக்காரியையும் சொல்லுங்கள்.

---

தறிச்சத்தம் எழுதியது:

தோழர், மறுக்கவில்லை. அந்த ஃபிலிஸின் 7 ஷில்லிங்கை நான் குறிப்பிட்டது அதனால்தான். அவருக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரியது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். டெபோராவும் ஃபிலிஸும் ஒரே போரில் எதிரெதிர்ப் பக்கத்தில் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

கடற்காகம் எழுதியது:

சின்ன இடைச்செருகல். இந்தப் போர் நம் ஊர்க் கரைக்கும் வந்தது. பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததும் 1778இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். 1780இல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை கம்பெனிப் படையை நொறுக்கிய செய்தி அமெரிக்காவரை போனது. பென்சில்வேனியா 1782இல் ஒரு போர்க்கப்பலுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர் வைத்தது. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ்தான் அப்புறம் நம் பக்கம் வந்து திப்புவோடு மோதியது.

---

நெறியாளர்: கடற்காகம், சுவையான தகவல். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே பெண்கள் பற்றியே தொடரட்டும்.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

இழையை முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறேன். சட்டம் என் தொழில் என்பதால் ஒரே ஒரு மனிதரைப் பின்தொடர்ந்து போகிறேன். தியோடர் செட்ஜ்விக்.

மாசசூசெட்ஸின் ஷெஃபீல்டு ஊரில் ஜான் ஆஷ்லி என்ற பணக்காரர். 1773இல் மனித சுதந்திரம், சமத்துவம் என்றெல்லாம் பேசும் தீர்மானங்களை அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் அவர் வீட்டில்தான் உட்கார்ந்து எழுதினார்கள். செட்ஜ்விக் அதில் ஒருவர். அதே வீட்டில் பெட் என்ற கறுப்பினப் பெண் அடிமை. வீட்டு எஜமானி ஒரு நாள் கொதிக்கும் இரும்புக் கரண்டியை இன்னொரு பெண் மேல் ஓங்க, பெட் குறுக்கே கையைக் கொடுத்தார். அந்தத் தழும்பை அவர் கடைசிவரை துணியால் மூடியதில்லை. யாராவது கையில் என்ன என்று கேட்டால், எஜமானியம்மாவிடமே கேளுங்கள் என்பாராம்.

1780இல் மாசசூசெட்ஸ் அரசியல் சட்டம் வந்தது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்பது அதன் உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு. பெட் நேராக செட்ஜ்விக்கிடம் போனார், இந்தச் சட்டம் எனக்கும் உண்டுதானே என்று. 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். 30 ஷில்லிங் நஷ்ட ஈடும் கிடைத்தது. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். சம்பளத்துக்கு வா என்று ஆஷ்லி கூப்பிட்டும் போகவில்லை. பிரசவம் பார்த்தும் நோயாளிகளைப் பார்த்தும் சம்பாதித்துச் சொந்த வீடு வாங்கினார்.

இதுவரை அருமை. இப்போது 24 வருடம் தள்ளி வாருங்கள்.

1805, மார்ட்டின் வழக்கு. ஆன்னா மார்ட்டின் என்ற பெண் பிரிட்டிஷ் விசுவாசியான கணவரோடு நாட்டை விட்டுப் போனார். அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த நிலத்தை அரசு பறிமுதல் செய்தது. மகன் வழக்குப் போட்டார். அரசு வழக்கறிஞர் வாதம் என்ன தெரியுமா? பெண்ணும் இந்த நாட்டின் குடிமகள்தான், சொந்தப் புத்தி உள்ளவர், கணவர் துரோகம் செய்தால் கூடப் போகாமல் இருந்திருக்கலாம், போனதால் அவரும் பொறுப்பு. மகன் தரப்பு வாதம், கல்யாணமான பெண்ணுக்குத் தனி அரசியல் விருப்பமே கிடையாது, கணவன் எங்கே போகிறானோ அங்கே போவதுதான் அவள் கடமை. நீதிபதிகள் மகன் பக்கம் நின்றார்கள். நிலம் குடும்பத்துக்குத் திரும்பியது. நீதிபதிகளில் ஒருவர் செட்ஜ்விக்.

அடிமைப் பெண்ணுக்கு நீ சுதந்திரமானவள் என்று வாதாடி ஜெயித்த அதே மனிதர், மனைவிக்கு நாடு என்று ஒன்று தனியாக இல்லை என்று தீர்ப்பு எழுதினார். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் புரட்சி கணவன் மனைவி உறவு என்ற வாசற்படியில் நின்றுவிட்டது.

போர் நடக்கும்போதே இது தெரிந்துவிட்டது. பிலடெல்பியாவின் கிரேஸ் கேலோவே, பெரிய சொத்துக்காரரின் மகள். கணவர் ஜோசப் 1778இல் பிரிட்டிஷ் படையோடு மகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா வழி வந்த சொத்தைக் காப்பாற்ற கிரேஸ் மட்டும் தங்கினார். ஆகஸ்டில் அரசு ஆட்கள் வந்து வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். கல்யாணத்தோடு அந்தச் சொத்தின் அதிகாரம் கணவர் கைக்குப் போய்விட்டதல்லவா, அவர் துரோகி என்றால் சொத்தும் போச்சு. மகளைத் திரும்பப் பார்க்காமலே 1782இல் இறந்தார். அவர் நாட்குறிப்பில் எதிரிகள் மேல் உள்ள கோபத்துக்குக் குறையாமல் கணவர் மேலும் இருக்கிறது. அவரில்லாத வாழ்க்கையில் ஒரு விடுதலை இருக்கிறது என்றே எழுதியிருக்கிறார்.

நியூஜெர்சியில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். உங்கள் மாநிலத்தின் 1776 அரசியல் சட்டம் 50 பவுண்டு சொத்துள்ள எல்லா வாசிகளுக்கும் ஓட்டு என்றது. 1790 சட்டத்தில் 'அவன் அல்லது அவள்' என்றே எழுதினார்கள். சொத்துள்ள விதவைகளும் கல்யாணமாகாத பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். 1807இல் அதைப் பறித்துவிட்டார்கள்.

ஆக, பெண்கள் கொடுத்ததற்கு ஈடாகப் புரட்சி எதையும் தரவில்லை என்பதே என் கட்சி.

---

வைகைக்கரை எழுதியது:

கறுப்புக்கோட்டு சார், செட்ஜ்விக் பற்றி எனக்குத் தெரியாது. நன்றி. ஆனால் கடைசி வரியை ஏற்க முடியவில்லை.

1776 மார்ச் 31இல் அபிகெயில் ஆடம்ஸ், காங்கிரஸில் உறுப்பினராக இருந்த கணவர் ஜானுக்கு எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரியும். புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை நினைவில் வையுங்கள் என்றார். எனக்குச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்று ஜான் பதில் எழுதினார். பெரும்பாலோர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அபிகெயில் மே 7ஆம் தேதி திரும்பவும் எழுதினார், எல்லா நாட்டுக்கும் விடுதலை என்று சொல்லிக்கொண்டே மனைவிகள் மேல் முழு அதிகாரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதும் தைரியத்தை அந்தக் காலம் கொடுத்திருக்கிறது.

அதே அபிகெயில் 1777 ஜூலையில் பாஸ்டனில் நடந்ததை ஜானுக்கு எழுதுகிறார். சர்க்கரையும் காபியும் பதுக்கல். பெரிய வியாபாரி ஒருவர், கல்யாணமாகாதவர், காபியை ஆறு ஷில்லிங்குக்குக் குறைத்து விற்க மாட்டேன் என்கிறார். நூறு பெண்களுக்கு மேல் வண்டியோடு கிட்டங்கிக்குப் போனார்கள். சாவியைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஒரு பெண் அவர் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வண்டியில் போட்டார். சாவி வந்தது. வண்டியைக் கவிழ்த்து அவரை இறக்கிவிட்டு, கிட்டங்கியைத் திறந்து காபியைத் தாங்களே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆண்கள் கூட்டம் திகைத்து வாயடைத்து வேடிக்கை பார்த்தது என்று எழுதுகிறார்.

இந்த இழையில் வந்த பெயர்களைப் பாருங்கள். கார்பின் அரைச் சம்பளம் கேட்டார், ரம் கேட்டார். சாம்சன் பாக்கி கேட்டார். எஸ்தர் கதவைத் தட்டிக் காசு கேட்டார். பெட் சட்டத்தைக் கேட்டார். பாஸ்டன் பெண்கள் சாவியைக் கேட்டார்கள். கேட்டதால்தான் ஏட்டில் பெயர் இருக்கிறது. புரட்சி தந்ததா இல்லையா என்பதைவிட, கேட்கலாம் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கிறேன்.

---

ஒத்தையடிப்பாதை எழுதியது:

ஐயா, உங்கள் பட்டியலில் டெபோராவைச் சேர்க்க முடியாது. அந்தப் பெண் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. போய்விட்டார். அவர் பெயர் ஏட்டில் இருப்பதற்குக் காரணம், அவரைத் திருப்பிக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பது.

---

வைகைக்கரை எழுதியது:

உண்மை. நான் யோசிக்கவில்லை. எடுத்துக்கொள்கிறேன்.

---

வெள்ளுடை எழுதியது:

ஐயா சொன்ன 'கேட்பது' என்பதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், எழுதக் கஷ்டமாக இருந்தாலும். 1776 கடைசியில் பிரிட்டிஷ் படை நியூஜெர்சி வழியாகப் போனபோது பெண்கள் மேல் நடந்த வன்கொடுமையை விசாரிக்க காங்கிரஸ் குழு போட்டது. சில பெண்கள், அதில் சிறுமிகளும் உண்டு, முன்னால் வந்து சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார்கள். கிராமத்தில், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில், 1777இல். இன்றைக்கே என் வார்டுக்கு வரும் பெண்களில் எத்தனை பேர் போலீசில் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள் தெரியுமா. பீரங்கி முன்னால் நிற்பதைவிட அது குறைந்த துணிச்சல் இல்லை. இதைப் பத்து வயதுக் குழந்தையின் அட்டையில் எழுத முடியாது. ஆனால் நாம் பேசும்போது விட்டுவிடக் கூடாது.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

சகோதரி, அந்த வாக்குமூலங்களை எதிரியின் கொடுமைக்குச் சாட்சியமாக அச்சிட்டுப் பரப்பினார்கள். அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் என் கட்சிக்கே திரும்புகிறேன். ஆனால் வைகைக்கரை ஐயாவின் பதிவுக்குப் பிறகு, 'எதையும் தரவில்லை' என்பதில் பெட்டின் 30 ஷில்லிங்கை நானே மறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வேலைக்கு நடுவில் இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது ஒவ்வொன்றாக மகளிடம் சொன்னேன். காபிக் கிட்டங்கிக் கதைக்குக் கைதட்டினாள். டெபோரா கதையில் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா, பதினாறு வயசுன்னா பக்கத்து வீட்டு அக்கா மாதிரியா?" என்று கேட்டாள்.

அட்டையில் பீரங்கிப் படம் ஏற்கெனவே வரைந்து வண்ணம் தீட்டிவிட்டாள், அதை மாற்ற மாட்டேன் என்கிறாள். கீழே இருந்த இடத்தில் வெள்ளுடை அக்கா சொன்ன செவிலி சம்பளத்தைப் பெரிய எழுத்தில் எழுதப் போகிறாளாம். கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கைப் பதினைந்தில் ஒரு பங்கால் வகுத்துப் பார்த்தாள். 20 வந்தது. தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். மறுபடியும் 20தான்.